புரட்டாதிச் சனியில் வந்த கரடி

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் என் அக்காவின் மனுசன், அத்தான், மறுபடியும் கரடிக் கதையைச் சொன்னார். எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், எல்லோர் கையிலும் ரோல்ஸ். அத்தான் எழும்பி, இரண்டு கையையும் தூக்கி, கரடி நின்ற மாதிரி நின்று காட்டினார். பிறகு, தான் சட்டியை எடுத்துக் கரண்டியால் தட்டி ஒரு அதட்டு அதட்டியதும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதாகச் சொன்னார். சுருட்டுகிற அளவுக்குக் கரடிக்கு வால் கிடையாது. அதையாவது ஒருவர் கேட்டாரா என்றால் இல்லை. கதையின் முடிவுக்கென்று ஒரு வரி வைத்திருக்கிறார்.

"என்ரை ஏழரைச் சனிதான் அண்டைக்குக் கரடியா வந்து என்னைப் பாத்திட்டுப் போனது. அதோடை எனக்கு நல்ல காலம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்தநாள் பிள்ளையின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு, சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கரடி ஓடித் தப்பவில்லை. அது செத்துப்போனது. எப்படிச் செத்தது என்று அத்தானுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் மேற்பார்வையாளர். பதினாறு வருடமாக என் வேலையே சாப்பாடு எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரமாக இருக்கிறது, அதை யார் மூடினார்கள், யார் மூடவில்லை என்று பார்ப்பதுதான். அங்கே எனக்கு நல்ல பெயர் இல்லை. சத்தம் போடுகிறவள் என்றுதான் பெயர். ஒரு முறை தற்காலிகமாக வந்த ஒருவர் முட்டை சான்ட்விச் தட்டை மத்தியானம் முழுக்க வெளியே விட்டுவிட்டார். நான் அன்று லீவு. மறுநாள் ஆறு பேருக்கு வயிற்றாலே போனது. அதில் ஒரு அம்மா பிறகு சாப்பாட்டு அறைக்கு வரவே இல்லை. தட்டை விட்டவர் அடுத்த மாதம் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கவலையீனம் செய்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு தீராத ஆத்திரம்.

கூடாரம் போட்டுத் தங்க முகாம் போகிற யோசனை என் மகளுடையது. இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். செப்டெம்பர் கடைசியில் வடக்கே இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு பார்க்கில் இரண்டு நாளுக்கு இடம் பிடித்திருந்தாள். என் மனுசனுக்கு வேலை, வரமுடியாது. விட்பியிலிருந்து அக்காவும் அத்தானும் வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் குடியிருக்கிற டோர்செட் பார்க்கிலிருந்து வெளிக்கிட்டு மூன்று மணித்தியாலம் கார் ஓடினோம். அவர்கள் தங்கள் காரில் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

பார்க் வாசலில் ஒரு இளம் பெண் அதிகாரி எங்களை நிறுத்தி, ஒரு தாளைக் கையில் தந்து பேசினாள். இந்தப் பக்கத்தில் ஒரு கரடிக்குட்டி திரிகிறது என்றாள். குட்டி என்றால் கைக்குழந்தை இல்லை, இரண்டு வயது. தாய் இந்தக் கோடையில்தான் அதைத் தன்னிடமிருந்து துரத்திவிட்டிருக்கிறது, கரடிகளில் அதுதான் வழக்கமாம். இடது காதில் மஞ்சள் பட்டி இருக்கும். இந்த மாதம் இரண்டு தடவை முகாமுக்குள் வந்திருக்கிறது. முதல் தடவை யாரோ மேசையில் விட்டுப்போன சான்ட்விச் பாண். இரண்டாவது தடவை யாரோ கூடாரத்துக்கு வெளியே கட்டிவைத்த குப்பைப் பை. இரண்டு முறையும் வெடிச்சத்தம் போட்டுத் துரத்தினார்கள். குளிர்காலம் முழுக்கப் படுத்திருப்பதற்காக இந்த மாதங்களில் அவை பகல் இரவு பாராமல் தின்னும். சாப்பாடு கிடைத்த இடத்தை மறக்காது.

இன்னொரு தடவை அதற்கு மனிதச் சாப்பாடு கிடைத்தால் அதைச் சுடவேண்டி வரும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

என் கோபம் அந்த வாசலிலேயே தொடங்கிவிட்டது. பாணை விட்டுப்போனவன் இப்போது வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டீவி பார்ப்பான். குப்பைப் பையைக் கட்டியவள் எடுத்த படங்களையெல்லாம் இணையத்தில் போட்டு முடித்திருப்பாள். சாகப்போவது அது. தாயும் துரத்திவிட்டது, தேடித் தின்னவும் முழுதாகத் தெரியாது, வாசனை வந்த பக்கம் போனது, அவ்வளவுதான் அது செய்த குற்றம். காரை எடுக்கும்போதே மகளிடம் சொன்னேன், எங்களால் அது சாகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் என் தோளில் ஒருமுறை கை வைத்தாள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் இருத்தி அந்தத் தாளை வாசித்தேன். உணவு, பானம், குளிர்பெட்டி, குப்பை, சமைத்த பாத்திரம், பற்பசை, சவர்க்காரம், வாசனைத் தைலம், நாய்க்கும் பூனைக்கும் வைக்கிற சாப்பாடு, பறவைகளுக்கு வைக்கிற தீனி. இவை எதுவும் வெளியிலோ கூடாரத்துக்குள்ளோ இருக்கக்கூடாது, எல்லாம் பூட்டிய காருக்குள் போகவேண்டும். பறவைத் தீனி என்றதும் அத்தான், நாங்கள் என்ன கிளியா கொண்டுவந்தோம் என்று பகிடி விட்டார். பகிடி வேண்டாம், கேளுங்கள் என்று அவரை அடக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அன்று பின்னேரம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அத்தான் மசாலா தடவிய கோழியை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, படம் எடுக்க ஏரிக்கரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் வாளியைக் காட்டிக் கத்தினேன். மூடித்தானே இருக்கிறது என்றார். சுட்டுச் சாப்பிட்ட பிறகு கம்பியை நான்தான் உரஞ்சினேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றப்போனவரைப் பிடித்திழுத்து, அதற்கென்று இருக்கிற தொட்டிக்கு அனுப்பினேன். மகளின் பையிலிருந்து மிக்சர், சூயிங்கம், உதட்டுக்குப் பூசுகிற கிறீம் எல்லாம் வெளியே வந்தன. அக்கா முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தைக்கூட விடவில்லை. இரவு கால் குத்தினால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். குத்தட்டும் என்றேன். எல்லாவற்றையும் கார் டிக்கியில் போட்டுப் பூட்டி, திறப்பை என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மச்சாள், நீர் இஞ்சையும் வேலைக்குத்தான் வந்திருக்கிறீர்," என்றார் அத்தான். ஓம் என்றேன்.

மறுநாள் காலையில் கூடாரத்தைத் திறந்து வெளியே வந்தால், பக்கத்து இடத்தில் ஒரு குளிர்பெட்டி வெளியே இருந்தது. நீலப் பெட்டி, மேலே வெள்ளை மூடி, மேசைக்குப் பக்கத்தில் தரையில். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் தங்கியிருந்தார்கள். அந்த ஐயா முன்னிரவு எங்களுக்குக் கையசைத்தவர், விறகு நனைந்திருந்தால் தன்னிடம் காய்ந்தது இருக்கிறது என்றவர். அதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நேரே போய் அவர்கள் கூடாரத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டேன். இந்தக் கரடியின் உயிர் உங்கள் பெட்டியில் இருக்கிறது தெரியுமா, வாசலில் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்டேன். கோபம் வந்தால் என் ஆங்கிலம் நன்றாக வரும். அந்த அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். காலைத் தேநீருக்குப் பால் எடுக்க இப்போதுதான் இறக்கினோம் என்றார். நான் நம்பவில்லை. ஐயா பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, ப்ளீஸ், ஸ்டொப்," என்றாள் மகள். "அவைக்கு முதல் தரமே விளங்கிட்டுது."

அன்று புரட்டாதிச் சனி, இரண்டாவது. அக்கா விரதம். அத்தானுக்கு ஏழரைச் சனி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஒரு புரட்டாதிச் சனியைக்கூட விட்டதில்லை. சனி அவருக்கு, விரதம் இவளுக்கு. அவர் முதல் நாள் கோழியை எலும்பு தெரியத் தின்றுவிட்டு, காலையில் பால்தேநீரோடு பிஸ்கட்டும் தின்றார். அவளோ பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் எரிவாயு அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று பூசணிக்காய் வெட்டிக் கொடுத்தேன். நானும் அந்த நாளில் மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் தொடுவதில்லை.

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவந்த வடை, எள்ளுருண்டை. மத்தியானம் எல்லாம் முடிந்ததும் அக்கா வாழையிலை ஒன்றை விரித்தாள். தமிழ்க் கடையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த இலை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, எள்ளுத் தூவி, நெய் விட்டு, தயிர் ஊற்றினாள். காகம் எடுத்த பிறகுதான் அவள் வாயில் ஏதாவது படும்.

விட்பியில் இது அவளுக்குப் பெரிய மனவேதனை. அங்கே புது வீடுகள், மரமெல்லாம் என் இடுப்பளவு, காகம் இறங்குவதே இல்லை. வேலியில் வைத்ததை அணில் தூக்கும், இல்லாவிட்டால் ரக்கூன் இழுத்துக்கொண்டு போகும். அவள் யன்னலுக்குப் பின்னால் மத்தியானம் கடந்தும் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் தலை சுற்றி, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவாள். இங்கே காட்டில் விடியற்காலையிலிருந்து காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. அதைக் கேட்டதிலிருந்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கூடாரத்துக்குக் கிட்ட வைச்சால் வராது," என்றாள். "எங்கையெடி வைக்கிறது?"

நான் சுற்றிப் பார்த்தேன். எங்கள் இடத்துக்குப் பின்னால், ஒரு இருபது அடி தள்ளி, மேடைபோல ஒரு பாறை இருந்தது. கூடாரத்துக்கும் தூரம், பாதைக்கும் தூரம். அவளுடைய முழங்காலுக்கு அந்த ஏற்றம் சரிப்படாது. தா, நான் கொண்டுபோய் வைக்கிறேன் என்று இலையை இரண்டு கையாலும் வாங்கினேன். வேர்களில் தடுக்காமல் மெல்ல நடந்துபோய், பாறையின் நடுவில் வைத்தேன். நாலு மூலையிலும் சின்னக் கல் வைத்தேன், காற்றுக்குப் பறக்காமல் இருக்க. பிறகு கையைத் தட்டி, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே, கா கா என்று கூப்பிட்டேன். மேலே எங்கேயோ ஒன்று பதில் சொன்னது. அக்கா கீழே நின்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

திரும்பி வந்து காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் காகம் ஒன்று இறங்கி ஒரு வடைத் துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. அக்கா அழுதேவிட்டாள். சாப்பிட்டோம். சாப்பிட்டதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். மேசையில் விழுந்த ஒவ்வொரு பருக்கையையும் பொறுக்கினேன். மேசையைச் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்தேன். மிச்சக் கறியை மூடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை டிக்கிக்குள் வைத்து, குப்பையைக் கொண்டுபோய் இரும்புத் தொட்டியில் போட்டு, கொழுவி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். பிறகு அத்தானுடைய சட்டைப்பையைத் தடவி ஒரு இனிப்பு டொபியை எடுத்தேன். எல்லாம் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது. அந்தப் பாறை என் கண்ணுக்கு நேரே இருந்தது. தாளை நான் வாசித்திருந்தேன், ஒரு வரி விடாமல், உரத்த குரலில். ஒரு டொபியைச் சாப்பாடு என்று கண்டுபிடித்த எனக்கு, நெய் விட்டு வைத்த ஒரு இலைச் சோறு சாப்பாடாகத் தெரியவில்லை. அது காகத்துக்கு வைத்தது. அதைத் திரும்ப எடுப்பதில்லை, மூடுவதில்லை, வைத்த பிறகு அதைப்பற்றி நினைப்பதுமில்லை. பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இரண்டு மணியளவில் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்தோம். அக்கா முழங்காலையும் பாராமல் நேரே பாறைப் பக்கம் போனவள் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"எடியே, இஞ்சை வந்து பார். முழுக்க எடுத்திட்டுது. ஒரு பருக்கை மிச்சமில்லை."

நான் போய்ப் பார்த்தேன். பாறை துடைத்துவைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. நான் வைத்த கற்கள் கீழே கிடந்தன. இலையும் இல்லை. காற்றுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் ஒருநாளும் இப்படி எடுத்ததில்லை, அவருக்கு இனி ஒரு குறையும் வராது என்றாள். அவளுடைய சந்தோசத்தைப் பார்த்து எனக்கும் சந்தோசமாக இருந்தது.

மூன்று மணிக்கு அது வந்தது. பாறைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது, பெரிய நாயளவுதான் இருக்கும். கறுப்பு உடம்பு, மூக்கைச் சுற்றி மண்ணிறம், இடது காதில் மஞ்சள் பட்டி. எங்களைப் பார்த்தது, பயப்படவில்லை. மேசைக்கு வந்து முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, அக்கா பூசணிக்காய் வெட்டிய இடத்தை மணந்தது.

முதலில் ஓடத் திரும்பியவர் அத்தான். மகள் அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ஓடக்கூடாது, முதுகு காட்டக்கூடாது, எல்லாரும் ஒன்றாக நின்று பெரிதாகத் தெரியவேண்டும், அது போவதற்கு வழி விடவேண்டும். தாளில் இருந்தபடியே செய்தோம். நான் முன்னுக்கு நின்று இரண்டு கையையும் விரித்து, போ, போ என்று உரத்துச் சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் அடி வைத்தேன். அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியை எடுத்துக் கரண்டியால் தட்டியவள் என் மகள். அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றார். விழாக்களில் அவர் தட்டுகிற சட்டி அந்தச் சட்டிதான்.

அது மேசையிலிருந்து இறங்கி, அவசரமில்லாமல் பக்கத்து இடத்துக்கு நடந்தது. அந்த வயதான இருவரும் எழும்பி நின்று எங்களைப் போலவே செய்தார்கள். அது அவர்களுடைய கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. காட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் ஏதோ கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தது.

மகள் தாளிலிருந்த எண்ணுக்கு அடித்தாள். பத்து நிமிடத்தில் இரண்டு வண்டிகள் வந்தன. வாசலில் பார்த்த அதே அதிகாரி இறங்கி, யாராவது சாப்பாடு வெளியே விட்டீர்களா என்று எல்லோரையும் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இல்லை, ஒரு பருக்கைகூட இல்லை என்று சொல்லிவிட்டு, கையை நீட்டி அவர்களைக் காட்டினேன். காலையில் அவர்களின் பெட்டி வெளியே கிடந்தது, நான் போய்க் கத்திய பிறகுதான் எடுத்தார்கள், எத்தனை மணித்தியாலம் கிடந்ததோ என்றேன். ஐயா மறுக்கவில்லை. ஓம், பெட்டி வெளியே இருந்தது, பால் எடுக்கத்தான் என்றார். அதிகாரி அவர்களைச் சாமான்களைக் கட்டிக்கொண்டு பார்க்கை விட்டுப் போகச் சொன்னாள்.

அந்த அம்மா மேசை விரிப்பை மடித்தார். விளிம்புகள் சேரவில்லை, திரும்பத் திரும்ப மடித்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. கவலையீனம் செய்த ஒருவருக்காவது ஏதோ ஆகிறதே என்று இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

எங்களைக் காருக்குள் போய் இருக்கச் சொன்னார்கள். நாலரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. ஒன்றுதான். அக்கா காதைப் பொத்தினாள். முடிந்துவிட்டது என்று அத்தான் சொன்னார். நான் ஸ்டியரிங்கில் கையால் குத்திக்கொண்டு அழுதேன். அந்த நீலப் பெட்டிக்காரரைத் திட்டித் திட்டி அழுதேன். எங்களால் சாகாது என்று சொன்னேனே, பார், மற்றவர்களால் செத்தது என்று மகளிடம் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அந்த அதிகாரி திரும்பி வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பச்சையாக ஏதோ இருந்தது. எங்களுடைய மேசையில் வைத்து, இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பாறைக்குப் பின்னால் கிடந்ததாம், கரடியின் பல் பட்டிருக்கிறதாம். இந்தக் காட்டில் இப்படி ஒரு இலை உள்ள மரத்தை அவள் கண்டதில்லை என்றாள்.

கிழிந்த வாழையிலை. நரம்போடு எள்ளு ஒட்டியிருந்தது.

மகள் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதலில் வாய் திறந்தவள் அக்கா. அவள் தமிழில்தான் சொன்னாள், மெல்லிய குரலில்.

"அது சாப்பாடில்லை எண்டு சொல்லு. காகத்துக்கு வைச்சதெண்டு விளங்கப்படுத்து."

அத்தான் அவளை மறித்தார்.

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்காதேங்கோ. உந்தக் கிழவனும் கிழவியும் போயிட்டினம்தானே. அதோடை விடுங்கோ."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு கோபப்பட்டிருக்கிறேன். அந்த நிமிடம் அத்தான்மேல் வந்ததுபோல யார்மேலும் வந்ததில்லை. அதற்குக் காரணம், அவர் சொன்னது என் மனதிலும் ஒரு கணம் ஓடிவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள், கரடி செத்துவிட்டது, நான் வாயைத் திறப்பதால் எது திரும்பி வரும் என்று நானும் நினைத்தேன். நினைத்ததை அவர் வாயால் கேட்டபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இது எங்களுடையது, வைத்தது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

இலையில் என்ன இருந்தது என்று கேட்டாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், வடை, எள்ளுருண்டை, நெய், தயிர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தாள். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டாள். காகத்துக்கு என்றேன். அவள் பேனையை நிறுத்தினாள். பறவைகளுக்கு வைக்கிற தீனியும் கூடாது என்று தாளில் இருக்கிறதே, வாசிக்கவில்லையா என்று கேட்டாள். வாசித்தேன், எல்லாருக்கும் கேட்க உரத்து வாசித்தேன் என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அந்த இருவரையும் திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். இதற்குள் பெருந்தெருவுக்கு ஏறியிருப்பார்கள், தொலைபேசியில் சொல்லப் பார்க்கிறேன் என்றாள். சொன்னாளா, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அதைப் பார்க்கவேண்டும் என்றேன். பார்ப்பது நல்லதில்லை என்றாள். பார்க்கவேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். சமையலறையில் ஒரு தட்டு வெளியே கிடந்தால், அது எதனால் கிடந்தது என்று போய்ப் பார்க்காமல் நான் ஒருநாளும் விட்டதில்லை. அவள் என்னை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகள் என்னோடு வந்தாள். அக்காவும் அத்தானும் மேசையிலேயே இருந்துவிட்டார்கள்.

வண்டியின் பின்பக்கத்தில் நீலப் படங்கு போட்டு மூடியிருந்தார்கள். அவள் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் பட்டி முதலில் தெரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. உள்ளங்கால்கள் கறுப்பாக, நடந்து நடந்து தேய்ந்து, வெடித்திருந்தன. நான் குனிந்து பார்த்தேன்.

ஒரு பருக்கை மிச்சமில்லை என்று அக்கா சொன்னது சரியில்லை. ஒன்று மிச்சம் இருந்தது. வாயோரத்து மயிரில், நெய்யோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.